கணினி எழும்பவில்லையா? பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன்

வன்னியில் பழைய மேசைக் கணினிகள் இன்னும் நிறையவே ஓடுகின்றன. கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டது, வெளிநாட்டிலிருந்து இறக்கித் திருத்தி விற்றது, சனசமூக நிலையத்துக்கு யாரோ அன்பளிப்பாகத் தந்தது, அண்ணன் படித்து முடித்துத் தம்பிக்கு விட்டது என்று அவை வந்த வழிகள் பல. பத்து, பதினைந்து வயதான பெட்டிகள். பாடசாலை ஒப்படை, ரியூசன் வகுப்புக்கான வினாத்தாள், கடைக்கணக்கு, பிரிண்ட் எடுப்பது எல்லாவற்றுக்கும் அவை தாராளமாகப் போதும். ஒருநாள் காலையில் பட்டனை அமத்தினால் சத்தமே இல்லை என்னும்போதுதான் சிக்கல்.

உடனே பெட்டியை உரப்பையில் சுற்றி, துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ பஸ் ஏறி, கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகிறோம். கடைக்காரர் அங்கே பிளக்கைக் குத்துகிறார். கணினி நல்ல பிள்ளையாக எழும்புகிறது. "இதில ஒண்டும் இல்லையே தம்பி" என்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்தால் மறுபடி அதே கதை. பிழை பெட்டிக்குள் இல்லை, வீட்டுச் சுவரில் இருக்கிறது. இதற்கு நேர்மாறானதும் நடக்கும்: சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை போய்விட்டதென்று யாரோ சொன்னதை நம்பி வாங்கிவந்து மாட்டினால், உண்மையான குற்றவாளி தன் செருகிடத்தில் சரியாக உட்காராத ஒரு றாம், அதாவது நினைவகத் துண்டு.

எனவே எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை காணுங்கள்: மின்சாரம் எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது? வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் துருசிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து பார்ப்போமே, அப்படித்தான் இதுவும். கடைசி வயலில் நின்று மண்வெட்டியால் கொத்திப் பயனில்லை.

முதலில், என்ன நடக்கிறது என்று பாருங்கள்

"எழும்பவில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் நாலு வேறு வருத்தங்கள் இருக்கின்றன. பட்டனை அமத்தினால் விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை என்றால் அது மின்சாரச் சிக்கல். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் பெரும்பாலும் றாம், அல்லது திரைக்குப் போகும் வழி. எழும்பிச் சில விநாடியிலோ சில நிமிடத்திலோ தானாக நின்றுவிட்டால் வெப்பம், பட்டன் அல்லது களைத்துப்போன பவர் சப்ளை. கம்பனிப் பெயர் திரையில் வந்து, அதற்கு மேல் விண்டோஸ் வராவிட்டால் மின்சாரத்தை விட்டுவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கையும், கணினி எழும்பும்போது முதலில் ஓடும் பயோஸின் அமைப்பையும் பார்க்கவேண்டும்.

இதில் எது என்று தெரியாமல் திருப்புளியைக் கையில் எடுக்கவேண்டாம்.

சுவரிலிருந்து பெட்டி வரை

கணினியின் பிளக்கைக் கழற்றிவிட்டு அதே பொயின்றில் ஒரு மேசை விசிறியையோ விளக்கையோ குத்திப் பாருங்கள். ரெஸ்ரர் திருப்புளியில் சிவப்பு விளக்கு எரிகிறது என்பதை மட்டும் நம்பக்கூடாது. ஒரு பக்க வயரில் கரண்ட் இருந்தாலே ரெஸ்ரர் எரியும். திரும்பிப் போகும் நியூற்றல் வயர் அறுந்திருந்தால் அது உங்களுக்குச் சொல்லாது. விசிறி சுற்றினால்தான் பொயின்ற் சரி.

விசிறி சுற்றினால் அடுத்தது வயர். திரைக்குப் போகும் மின்வயரும் பெட்டிக்குப் போகும் மின்வயரும் அநேகமாக ஒரே வகைதான். திரையின் விளக்கு எரிகிறதென்றால் அந்த வயர் நல்லது. அதைக் கழற்றிப் பெட்டியில் மாட்டுங்கள். ஐந்து சதம் செலவில்லாத சோதனை இது. ஆனால் பலர் செய்வதில்லை. சதுரக்கால் 13 அம்பியர் பிளக் என்றால் அதற்குள் ஒரு சின்னப் பியூஸ் இருக்கிறது, அதுவும் போயிருக்கலாம்.

பிளக் பொயின்றின் மேல் ஓட்டைக்குள் பேனையை விட்டு, கீழே இரண்டு கால் பிளக்கைத் திணித்து ஓட்டுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதைக் கணினிக்குச் செய்யாதீர்கள். பிடி தளர்ந்து, உள்ளே பொறி பறந்து, பித்தளை கறுத்துப்போகும். மேசையைத் தட்டினால் கணினி நிற்கிறது என்று சொல்லும் வீடுகளில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான். அந்த முறையில் எர்த் தொடர்பும் கிடைப்பதில்லை. அதன் விளைவைக் கீழே சொல்கிறேன்.

இடையில் எக்ஸ்ரென்சன் வயர், யூ.பி.எஸ் எது இருந்தாலும் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு நேரே சுவரில் குத்திப் பாருங்கள். பெட்டியின் பின்பக்கத்தில் பவர் சப்ளைக்குத் தனிச் சுவிச் இருந்தால் கோடு போட்ட பக்கம் அமத்தியிருக்கவேண்டும், வட்டம் போட்ட பக்கம் அல்ல. கூட்டும்போது தும்புத்தடி பட்டு அது மாறிவிடுவதுண்டு. பக்கத்தில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிச் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். இலங்கையில் நமக்கு வருவது 230 வோல்ட். தவறி 115 பக்கம் தள்ளிவிட்டுப் பிளக்கைக் குத்தினால் ஒரு வெடிச்சத்தம் கேட்கும். அத்தோடு பவர் சப்ளையின் கதை முடிந்தது.

இன்னொரு சின்ன வேலை. பிளக்கை முழுதாகக் கழற்றிவிட்டு, முன்பக்கப் பட்டனை அரை நிமிடம் அமத்திப் பிடியுங்கள். சற்றுப் பொறுத்து மறுபடி குத்திப் பாருங்கள். கரண்ட் துள்ளியதால் பவர் சப்ளை தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருந்தால் இதிலேயே விடுபட்டுவிடும். மின்வெட்டுக்குப் பிறகு எழும்பாத கணினிகளில் இது அடிக்கடி வேலை செய்கிறது.

நம் ஊர்க் கரண்ட்

போர்க்காலத்தில் நெடுங்காலம் வன்னிக்கு அரச மின்சாரமே கிடையாது; ஜெனரேற்றரிலும் சூரியத் தகட்டிலும் ஓட்டிய தலைமுறை இது. 2009க்குப் பிறகு மின்கம்பிகள் மெல்ல மெல்ல உள்ளூர்வரை வந்தன. பிரதான வீதியை விட்டு உள்ளே போகப்போக, கம்பித் தொடரின் கடைசி வீடுகளில், பின்னேரம் எல்லோரும் விளக்குப் போடும் நேரத்தில் வோல்ட் இறங்கும். பக்கத்துத் தோட்டத்தில் கிணற்று மோட்டர் எழும்பும்போது பல்ப் ஒருமுறை மங்கித் தெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணத்தில் பழைய பவர் சப்ளை தடுமாறி, கணினி தானாக மறுபடி தொடங்கும். "வைரஸ் வந்திட்டுது" என்று அதற்குப் பெயர் வைத்து விண்டோஸைப் புதிதாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதைப் பிடிக்க வழி எளிது. கணினி நின்ற நேரங்களை ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். பின்னேரம் ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையிலேயே விழுகிறதா? மோட்டர் போடும் நேரத்தோடு பொருந்துகிறதா? பொருந்தினால் பெட்டியைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை. வோல்ட் அளக்கும் மல்ரிமீற்றர் இருந்தால் ஏ.சி. அளவில் வைத்து, முனைகளின் உலோகத்தில் கை படாமல் பொயின்றை அளக்கலாம். அதில் பழக்கமில்லாதவர்கள் வயரிங் வேலை தெரிந்தவரைக் கொண்டு அளப்பியுங்கள். விதிப்படி 230 வோல்ட் ஆறு வீதம் ஏறி இறங்கலாம், அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. 190க்குக் கீழே காட்டினால் கணினிக் கடைக்கல்ல, மின்சாரம் வழங்குகிறவர்களுக்கு முறைப்பாடு போகவேண்டும். பவர் சப்ளையின் ஒட்டுத்தாளில் 100–240 என்று போட்டிருந்தால் அது இறங்கிய வோல்ட்டையும் ஓரளவு தாங்கும். சிவப்புச் சுவிச் உள்ள பழையவை அப்படித் தாங்குவதில்லை.

இப்போது எர்த். பெட்டியின் இரும்பில் கை பட்டால் சுரீரென்று இழுக்கிறதா? பவர் சப்ளையின் வாசலில் மின் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கொண்டன்சர்கள் (மின்சாரத்தைப் பிடித்துவைக்கும் பாகங்கள்) இருக்கின்றன. அவற்றில் கசியும் மிகச் சிறிய மின்சாரம் எர்த் வயரால் நிலத்துக்குப் போகவேண்டும். எர்த் இல்லாவிட்டால் அது பெட்டியின் தகட்டிலேயே நிற்கும், கை பட்டால் உங்களால் போகும். வெறும் இந்தக் கசிவு ஆளைக் கொல்லாது. ஆனால் எர்த் இல்லாத பெட்டிக்குள் ஒரு வயர் உரிந்து தகட்டில் பட்டால் கதை வேறு. கோடையில் நிலம் காய்ந்து வெடிக்கும்போது எர்த் குழாயைச் சுற்றியுள்ள மண்ணும் காய்ந்துவிடும். மாரியில் சரியாக வேலை செய்த எர்த் ஆவணியில் வேலை செய்யாமல் போகலாம். வயரிங் செய்கிறவரைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிச்சையும் ஒருமுறை சோதிப்பியுங்கள். கணினிக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அது தேவை.

இடி மின்னல் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பங்குனி, சித்திரைப் பின்னேரங்களிலும் ஐப்பசி மாரி தொடங்கும்போதும் எத்தனை ரிவி, எத்தனை மோடம் கருகுகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். இடி கேட்கத் தொடங்கியதும் சுவிச்சை நிறுத்தினால் போதாது, பிளக்கையே கழற்றவேண்டும். இன்னொன்றைப் பலர் மறக்கிறார்கள்: தொலைபேசிக் கம்பியில் ஓடும் இணையம் என்றால் அந்தக் கம்பியையும், ரூட்டரிலிருந்து கணினிக்கு வரும் வயரையும் கழற்றவேண்டும். மின்னல் மின்கம்பி வழியாகத்தான் வரும் என்றில்லை.

கரண்ட் போகும் நேரத்தைவிட வரும் நேரம் பொல்லாதது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் குளிர்சாதனப் பெட்டியும் மோட்டரும் எழும்ப, வோல்ட் ஏறி இறங்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதாகச் சொல்லி நாடே இருண்டதே, அப்படியான நாள்களில் விளக்கு வந்ததும் கணினியைப் போடாமல் பத்து நிமிடம் பொறுங்கள். சில கணினிகள் கரண்ட் வந்ததும் யாரும் தொடாமலே எழும்பும். பேய் இல்லை, மின்சாரம் திரும்பியதும் என்ன செய்யவேண்டும் என்ற அமைப்பு பயோஸில் இருக்கிறது. அதை "எழும்பாதே" என்று மாற்றிவிடுவது நம் பகுதிக்கு நல்லது.

யூ.பி.எஸ் வைத்திருந்தால் அதன் பற்றரியின் வயதைப் பாருங்கள். வீட்டுக்கு வாங்கும் 650 வி.ஏ. வகையில் அநேகமாக 12 வோல்ட், 7 அம்பியர்-அவர் ஈயப் பற்றரி இருக்கும். நம் வெக்கையில் இரண்டு மூன்று வருடம் உழைத்தாலே பெரிய விசயம். 2022 மார்ச் கடைசியில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் நின்றபோது, முழுதாக வடிந்து மறுபடி நிரம்ப நேரமில்லாமல் படுத்த பற்றரிகள் ஏராளம். படுத்த பற்றரியோடு உள்ள யூ.பி.எஸ், இல்லாததைவிட மோசம்: கரண்ட் சற்று மங்கினாலும் டிக் என்று மாறப் பார்த்து, மாற முடியாமல் கணினியை விழுத்திவிடும். யூ.பி.எஸ் இல்லாமல் நேரே குத்தினால் ஓடுகிறது என்றால் பற்றரியை மட்டும் மாற்றுங்கள். லேசர் பிரிண்டரை ஒருபோதும் யூ.பி.எஸ்ஸில் மாட்டவேண்டாம்.

பெட்டியைத் திறப்பது

சுவரில் எல்லாம் சரி, வயரும் சரி, ஆனாலும் எழும்பவில்லை. சரி, இனித் திறக்கலாம்.

பிளக்கைக் கழற்றி, பட்டனை ஒருமுறை அமத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பெட்டியின் பெயின்ற் இல்லாத தகட்டைக் கையால் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் தங்கிய நிலைமின்சாரம் இறங்கிவிடும். பக்கத் தகட்டைத் திறந்ததும், எதையும் கழற்றும் முன் உள்ளே எந்த வயர் எங்கே இருக்கிறது என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் சப்ளை என்ற அந்தத் தகரப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக் கழற்றிய பிறகும் அதற்குள் உள்ள பெரிய கொண்டன்சர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்துவைத்திருக்கும். அதற்குள் பல்லி செத்துக் கிடந்தாலும் சரி, மணந்தாலும் சரி, முழுதாக மாற்றுங்கள்.

பல்லி என்றது பகிடிக்கு அல்ல. வெப்பம் தேடி வரும் பல்லி, எறும்புக்கூடு, பின்பக்க ஓட்டைகளில் குளவி வைக்கும் மண்கூடு எல்லாம் இங்கே வழமை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்புழுதி விசிறியின் இதழ்களிலும், கணினியின் மூளையான புரசசரின் மேல் இருக்கும் அலுமினியச் சிறகுகளின் இடையிலும் கம்பளி மாதிரிப் படிந்துவிடும். மெல்லிய பெயின்ற் பிறஷ் ஒன்றால் கிளறி எடுங்கள். ரயர் ஒட்டும் கடைக் கொம்பிரசரில் ஊதுவதானால் தூரப் பிடித்து ஊதுங்கள். அந்தக் காற்றோடு தண்ணீர்த்துளியும் வரும். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும், சுழலவிட்டால் அச்சு தேயும். ஈரத்துணி வேண்டாம்.

ஒரு விளக்கும் இல்லை என்றால்

பிளக்கைக் குத்திவிட்டு, பட்டனை அமத்தாமல், பாகங்கள் எல்லாம் மாட்டியிருக்கும் பெரிய பலகையான தாய்ப்பலகையைப் பாருங்கள். பலவற்றில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். கணினி நின்றிருந்தாலும் பவர் சப்ளை 5 வோல்ட்டை ஊதா வயரில் எப்போதும் அனுப்பிக்கொண்டிருக்கும். அதில்தான் அந்த விளக்கு எரிகிறது. விளக்கு எரிகிறது, பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் பட்டனையே சந்தேகியுங்கள். பட்டனிலிருந்து வரும் இரட்டை வயர் தாய்ப்பலகையில் செருகியிருக்கும் இடத்தில் அதை மெல்லக் கழற்றி, அந்த இரண்டு ஊசிகளையும் திருப்புளி முனையால் ஒரு கணம் தொட்டுவிடுங்கள். எழும்பினால் பட்டன்தான் பழுது. பெரிய விலைச் சாமான் இல்லை. பழைய பெட்டி ஒன்றிலிருந்து கழற்றியும் போடலாம்.

விளக்கே இல்லையென்றால் பவர் சப்ளையைத் தனியே சோதிக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, தாய்ப்பலகைக்கும் மற்றப் பாகங்களுக்கும் போகும் எல்லா இணைப்பையும் கழற்றுங்கள். 24 கால் கொண்ட பெரிய இணைப்பியில் பச்சை வயர் ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்திலுள்ள ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் காகிதக் கிளிப்பை வளைத்து இணையுங்கள். சுமைக்கு ஒரு பழைய டீ.வீ.டீ டிரைவை மாட்டிவிட்டு, பிறகு பிளக்கைக் குத்துங்கள். விசிறி சுற்றினால் பவர் சப்ளைக்கு உயிர் இருக்கிறது. சுற்றாவிட்டால் முடிந்தது.

சுற்றுவதாலேயே நலம் என்றும் சொல்லமுடியாது. மல்ரிமீற்றரை டீ.சி. அளவில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு வயரில் பிடித்து அளந்து பாருங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, செம்மஞ்சளில் 3.14 முதல் 3.47 வரை இருக்கவேண்டும். இதற்கு வெளியே போனால் மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அலுவலகங்களில் இருந்து வரும் டெல் ஒப்ரிபிளெக்ஸ், எச்.பி. பெட்டிகளில் பிந்திய காலத்தவை 24 கால் இணைப்பியே இல்லாதவை. எட்டு அல்லது ஆறு கால்தான் இருக்கும். அவற்றில் கிளிப் வேலை வேண்டாம். ஒப்ரிபிளெக்ஸ் பலவற்றின் பவர் சப்ளையில் பின்பக்கம் ஒரு சோதனைப் பட்டனும் சின்ன விளக்கும் உண்டு. பட்டனை அமத்தப் பச்சை எரிந்தால் நல்லது. இவற்றின் பவர் சப்ளை அளவும் வேறு. கடையில் கிடைக்கும் சாதாரணப் பவர் சப்ளை ஒல்லிப் பெட்டிக்குள் போகாது. வாங்கப் போகுமுன் ஒட்டுத்தாளைப் படம் எடுங்கள்.

விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு

திரையின் வயர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். திரைக்குப் படம் அனுப்பும் தனிக் கிராபிக்ஸ் காட் இருந்தால் வயர் அதில் இருக்கவேண்டும், தாய்ப்பலகையில் அல்ல. பெட்டியை நகர்த்திக் கூட்டிய பிறகு வரும் கறுப்புத் திரைகள் பாதிக்கு இதுவே காரணம்.

அடுத்தது றாம். இரு பக்கக் கொக்கியையும் தள்ளி எடுத்து, பொன்நிறக் கால்களை வெள்ளை அழிறப்பரால் ஒரே திசையில் மெல்லத் தேயுங்கள். தேய்த்த துகள் செருகிடத்துக்குள் விழாமல் வெளியே வைத்துத் துடையுங்கள். உப்புக்காற்றுப் படும் முல்லைத்தீவுக் கரையோரம் இந்தக் கால்கள் மங்கிப் போவது அடிக்கடி காண்பது. திரும்ப வைக்கும்போது இரு பக்கமும் டக் என்று கொக்கி விழும்வரை அமத்தவேண்டும். இரண்டு றாம் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள், பிறகு மற்றதை, பிறகு வேறு செருகிடத்தில்.

இன்னும் வரவில்லையா? ஹார்ட் டிஸ்க், டீ.வீ.டீ, தனிக் காட்கள், யூ.எஸ்.பி.யில் செருகியவை அனைத்தையும் கழற்றி, புரசசர், ஒரு றாம், பவர் சப்ளை மட்டும் வைத்துப் போட்டுப் பாருங்கள். புரசசருக்குப் பக்கத்தில் மஞ்சள்-கறுப்பு வயர்களோடு வரும் நாலு கால் இணைப்பி தளர்ந்திருந்தாலும் விசிறி சுற்றும், திரை வராது.

கணினியே தன் வருத்தத்தைச் சொல்லும் வகைகளும் உண்டு. எச்.பி. கொம்பக் வகைப் பழைய பெட்டிகளில் பவர் விளக்கு சிவப்பாக மினுங்குவதை எண்ணுங்கள்: இரண்டு என்றால் வெப்பம், நாலு பவர் சப்ளை, ஐந்து றாம், ஆறு கிராபிக்ஸ். பழைய டெல்லில் முன்பக்கம் 1, 2, 3, 4 என்று நாலு விளக்குகள். எவை எரிகின்றன என்பதைக் குறித்துக்கொண்டால் மாதிரி எண்ணோடு தேடிப் பொருள் காணலாம். பீப் சத்தம் வந்தால் நீளமா, குட்டையா, எத்தனை என்று எழுதுங்கள். றாம் இல்லாமல் போட்டும் பீப் அடிக்காமல் ஊமையாக இருந்தால், ஸ்பீக்கர் உள்ள பெட்டியில் தாய்ப்பலகை அல்லது புரசசர்மேல் சந்தேகம் வலுக்கும்.

எழும்பி நின்றுவிடுகிறது

நாலைந்து விநாடியில் சரியாக நின்றால் பட்டன் உள்ளே சிக்கியிருக்கிறதா பாருங்கள். பட்டனைத் தொடர்ந்து அமத்தினால் கணினி நிற்கவேண்டும் என்பதுதான் ஒழுங்கு. புழுதியில் ஒட்டிக்கொண்ட பட்டன் அதையே செய்கிறது.

சில நிமிடத்தில், அல்லது வேலை கூடும்போது நின்றால் வெப்பம். புரசசர் விசிறி சுற்றுகிறதா, நாலு மூலைப் பிடிகளும் இறுகியிருக்கின்றனவா என்று அசைத்துப் பாருங்கள். பழைய இன்ரெல் வகையில் பிளாஸ்ரிக் பிடி ஒன்று கழன்று நிற்பது பெருவழக்கு. விசிறியைக் கழற்றினால் நடுவிலுள்ள பசை சுண்ணாம்புபோல் காய்ந்திருக்கும். சுரண்டித் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பசை வையுங்கள். அதிகம் வைப்பதால் நன்மையில்லை.

மூன்றாவது வகையில் காலையில் நாலைந்து முறை அமத்தினால்தான் எழும்பும், எழும்பிவிட்டால் இரவுவரை ஓடும். இது வயோதிபக் கொண்டன்சரின் குணம். உள்ளிருக்கும் திரவம் வற்றியவை குளிரில் வேலை செய்யாது, சூடேறினால் கொஞ்சம் செய்யும். தாய்ப்பலகையில் புரசசரைச் சுற்றி நிற்கும் உருளைகளின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்கவேண்டும். உப்பி, அல்லது மண்ணிறமாகக் கசிந்து இருந்தால் அவைதான். 2000களின் முதற்பாதியில் செய்த பலகைகளில் இது ஒரு கொள்ளைநோயாகவே இருந்தது. ரேடியோ, ரிவி திருத்துகிற கைதேர்ந்தவர் பற்றாசு பிடித்து மாற்றித் தருவார். பலகையில் ஒன்றும் தெரியாவிட்டால் அதே வருத்தம் பவர் சப்ளைக்குள் இருக்கும். இந்த நிலைக்கு வந்த கணினியை நிறுத்தாமல் ஓடவிட்டு, முக்கியக் கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள். நாளை எழும்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

காசு அளவுப் பற்றரி செய்யும் கூத்து

தாய்ப்பலகையில் சீ.ஆர். 2032 என்ற வட்டப் பற்றரி இருக்கும். 3 வோல்ட். சில வருடத்தில் தீரும். திகதி பின்னே போவதும், தொடங்கும்போது எஃப்1 அமத்தச் சொல்வதும், இணையத்தளங்கள் பாதுகாப்பற்றவை என்று திறக்க மறுப்பதும் அதன் அடையாளம். மீற்றரில் 2.7க்குக் கீழே என்றால் மாற்றுங்கள்.

ஆனால் இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. நெடுநேரம் பிளக் கழன்றிருக்க, பற்றரியும் தீர்ந்திருந்தால் பயோஸ் அமைப்பு முழுவதும் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறையும் மாறிவிடலாம். விண்டோஸ் நிறுவியபோது இருந்தது ஒரு முறை, இப்போது இருப்பது வேறு. விளைவு, நீலத்திரை, 7பி என்று முடியும் குறியீடு. விண்டோஸ் பழுதென்று அழித்துப் புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். படங்களும் கணக்கும் போய்விடும். பயோஸுக்குள் போய் சாட்டா முறை என்ற இடத்தில் ஐ.டி.ஈ., ஏ.எச்.சி.ஐ., ரெய்ட் என்று இருப்பதை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எதில் விண்டோஸ் எழும்புகிறதோ அதில் சேமித்து, ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

கம்பனிப் பெயர் வந்து, தொடங்கும் டிஸ்க் இல்லை என்று சொன்னால் முதலில் செருகிய பென் டிரைவைக் கழற்றுங்கள். பிறகு டிஸ்க்கின் இரண்டு வயரையும் கழற்றி மாட்டுங்கள். பயோஸில் டிஸ்க்கின் பெயரே தெரியவில்லை, அல்லது டக் டக்கென்று ஒரே தாளத்தில் சத்தம் வருகிறது என்றால் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கவேண்டாம். ஒவ்வொரு முறையும் உள்ளிருப்பது இன்னும் கெடும்.

வெள்ளத்தில் நனைந்தது

2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் வெள்ளம் ஏறியதுபோல நடந்தால், தண்ணீர் வடிந்ததும் "வேலை செய்கிறதா" என்று போட்டுப் பார்ப்பதுதான் கணினியைக் கொல்லும். வட்டப் பற்றரியை முதலில் எடுங்கள். தாய்ப்பலகையைச் சுத்தமான தண்ணீரில் கழுவிச் சேறு போக்கி, நிழலில் விசிறிக் காற்றில் ஒரு கிழமைவரை காயவிடுங்கள். நனைந்த பவர் சப்ளையைத் திரும்பப் பாவிக்கவேண்டாம். டிஸ்க்கில் முக்கியமானவை இருந்தால் மின்சாரமே கொடுக்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். மாரி தொடங்குமுன் பெட்டியை நிலத்திலிருந்து ஒரு முக்காலிக்கு ஏற்றிவிட்டால் இந்த வேலை பாதி குறையும்.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால்

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: மாதிரி எண், என்ன விளக்கு, எத்தனை பீப், எந்த நேரத்தில் நிற்கிறது, வீட்டில் நீங்கள் மாற்றிப் பார்த்தவை எவை. ஹார்ட் டிஸ்க்கில் பிழை இல்லையென்று தெரிந்தால் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொண்டுபோகலாம். குடும்பப் படங்கள் பஸ்ஸில் குலுங்கத் தேவையில்லை. பவர் சப்ளை மட்டும் பழுதென்று உறுதியானால் அதை மட்டும் கழற்றிக் கொண்டுபோங்கள், அதே அளவில் பார்த்து வாங்கலாம். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாய்ப்பலகையும் பவர் சப்ளையும் ஒன்றாகப் போயிருந்தால், அதே விலைக்குக் கிடைக்கும் இன்னொரு பழைய பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். உங்கள் றாமும் டிஸ்க்கும் அதற்குப் பொருந்துமா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.